இரண்டு பேராக ஓட்டிய வண்டி

என் டிரைவிங் ஸ்கூலில் சேருகிறவர்களின் சராசரி வயது அறுபத்தாறு. கேலிக்குச் சொல்லவில்லை. ஒரு மழை நாளில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, பதிவேட்டைப் புரட்டி நானே கூட்டி வகுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் நான் இந்த வேலைக்கு வந்தபோது பதினெட்டு வயதுப் பிள்ளைகள்தான் வருவார்கள். கியர் மாற்றக் கற்பதற்கு முன்னாலேயே ரேடியோவில் பாட்டை மாற்றச் சொல்லிக் கேட்பார்கள். அத்தனை பேருக்கும் ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். அத்தனை பேரும் ஓட்டிக்கொண்டு நகரத்துக்குப் போய்விட்டார்கள். இப்போது அவர்களுடைய அம்மாக்கள் வருகிறார்கள். கணவருக்குக் கண் போயிருக்கும், அல்லது முழங்கால் போயிருக்கும், அல்லது கணவரே போயிருப்பார்.

எங்கள் பக்கத்தில் வண்டி இல்லாதவன் கால் இல்லாதவன் மாதிரி. பஸ்ஸில் ஏற ஆளில்லை என்று பதினோரு வருடத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தினார்கள். பஸ் இல்லை என்று மிச்சமிருந்த ஆட்களில் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள். போக இடமில்லாதவர்களும் போக மனமில்லாதவர்களும்தான் இருக்கிறோம். ஒரு ரொட்டி வாங்க ஒன்பது கிலோமீட்டர். ரத்தம் பரிசோதிக்க முப்பத்தெட்டு. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே எங்கள் கதை தெரிந்துவிடும். ஒன்றுக்கும் பக்கக் கண்ணாடி இருக்காது, எல்லாவற்றுக்கும் முன் மூலை நசுங்கியிருக்கும். யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. இன்றைக்கு அவரைப் பற்றிப் புகார் சொன்னால், நாளைக்கு என்னை மருந்துக்கடைக்கு யார் கூட்டிப்போவார்கள்?

சைரன் அக்கா என்னிடம் வந்தபோது அவருக்கு அறுபத்தொன்பது வயது. சைரன் என்பது நான் வைத்த பெயர், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு பழைய பச்சைக் கார் என் ஸ்கூல் வாசலில் வந்து நேராக, அழகாக நின்றது. ஓட்டிவந்த பெரியவர், அக்காவின் கணவர், இறங்கி எனக்கு வணக்கம் சொன்னார். என்ன, நான் நின்றது ஒரு பக்கம், அவர் வணக்கம் சொன்னது எனக்குப் பக்கத்தில் இருந்த அறிவிப்புப் பலகைக்கு. பலகையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. அவர்கள் வீட்டிலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர் இந்த மனிதர் எப்படி வந்தார்?

அந்த வண்டி இரண்டு பேராக ஓட்டும் வண்டி என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது. அவர் நாற்பது வருடம் பால் டேங்கர் ஓட்டியவர். இந்த ரோடுகள் அவர் உடம்பிலேயே இருந்தன. ஆறு வருடத்துக்கு முன்னால் பார்வையில் நடுவே மட்டும் ஒரு கறுப்பு விழுந்தது. எதை நேராகப் பார்க்கிறாரோ அது தெரியாது, ஓரம் மட்டும் தெரியும். முதலில் நெல்லிக்காய் அளவு இருந்தது, நான் பார்த்தபோது தட்டு அளவு ஆகியிருந்தது. அன்றிலிருந்து அக்கா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவருக்குக் கண்ணாக இருந்தார். அவர்களுக்கென்று ஒரு பாஷை. வலது இடது எல்லாம் கிடையாது. "உங்க பக்கம்" என்றால் அவர் பக்கம், "என் பக்கம்" என்றால் அக்கா பக்கம். "என் பக்கம் சைக்கிள்", "உங்க பக்கம் வளைவு", "ஓரம்", "இன்னும் ஓரம்", "பிரேக்". பிரேக் என்பதை மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார். அவர் கால் அந்தக் குரலோடு ஒட்டியே பிறந்தது போல இறங்கும்.

நான் அதை அதிகாரிகளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் என் மாணவி நாளையிலிருந்து வர முடியாது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள என்னிடம் வர வேண்டும், என்னிடம் வர கார் வேண்டும். இதை எந்த மகானுபாவன் யோசித்து வைத்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

"இவ்வளவு வருஷம் ஏன் அக்கா கத்துக்கல?" என்று முதல் நாளே கேட்டேன்.

"கேட்டேனே. முப்பது வயசுல கேட்டேன். 'நான் இருக்கறப்ப உனக்கு எதுக்கு?'ன்னாரு. நாப்பதுல கேட்டேன், அதையேதான் சொன்னாரு. அவரு அடிச்சுச் சொல்லியிருந்தா சண்டை போட்டுக் கத்துக்கிட்டிருப்பேன் டீச்சர். ஆசையா சொன்னாரு. அதுக்கு என்ன பண்றது?"

அக்கா வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்ததாம். அதன் அலுவலகத்தில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தார். வருகைப் பதிவேட்டில் பேர்கள் குறைந்துகொண்டே வந்ததை அவர்தான் முதலில் பார்த்தவர். கடைசி வருடம் ஏழு பேர். மூடினார்கள். பீரோக்களை ஏற்றி அனுப்பிவிட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் கணவர் இல்லாமல் எங்கேயும் போனதில்லை. ஒரு செருப்பு வாங்கவும் அவர் வர வேண்டும், பல் வலிக்கும் அவர் வர வேண்டும். இப்போது கண் போனபின் அவராலும் அக்கா இல்லாமல் போக முடியவில்லை.

"சண்டை போட்டா கூட ஒரே வண்டியிலதான் போய்த் தொலைக்கணும்" என்றார் அக்கா. "ஒரு தடவை ரெண்டு நாள் பேசல நாங்க. ஆனா ரோட்டுல பேசித்தானே ஆகணும்? 'பிரேக்', 'ஓரம்' மட்டும் பேசினோம்."

அவசரத்துக்குக் காரணம் ஒரு தேதி. அக்காவின் கணவருக்கு, நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், எழுபத்தைந்து முடியும் நாளில் லைசென்ஸ் முடிகிறது. அதற்குப் பிறகு புதுப்பிக்கக் கண் டாக்டர் சான்று வேண்டும். எந்த டாக்டரும் தரமாட்டார். நகரத்தில் இருக்கும் மகன் ஞாயிறுதோறும் போன் செய்வான். அவன் ஏற்கெனவே ஒரு முதியோர் இல்லத்தில் இரட்டைக் கட்டில் அறை ஒன்றுக்குப் பேர் எழுதி வைத்திருந்தான். கெட்டவன் இல்லை. ஐந்து மணி நேரத் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. மூன்றாவது மாடி, ஜன்னலைத் திறக்க முடியாதாம். அக்கா அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"அந்த ரூம்ல அவரு சுவத்தத் தடவித் தடவி நடந்தாரு டீச்சர். எங்க வீட்டுல அவருக்குக் கண்ணே வேணாம், எல்லா எடமும் தெரியும். அங்க போனா ஒரே நாள்ல குருடாயிடுவாரு."

ஆகவே நான்கு மாதத்தில் அக்கா லைசென்ஸ் வாங்க வேண்டும். வாங்கினால் வீடு. வாங்காவிட்டால் மூன்றாவது மாடி. இவ்வளவுதான் விஷயம்.

நான் இத்தனை வருடத்தில் பார்த்த மாணவர்களில் அக்காவைப் போல ரோட்டைப் பார்த்தவர்கள் கிடையாது. ஆறு வருடம் இரண்டு பேருக்காகப் பார்த்த கண் அல்லவா. நிறுத்தியிருக்கும் காரின் கதவு திறக்கப்போகிறது என்று, கதவுக்கே தெரியும் முன் அவருக்குத் தெரியும். ஆரம்பத்தில் சீட் மாறியதில் "உங்க பக்கம்", "என் பக்கம்" குழம்பி, என் பக்கத்து லாரியைத் தன் பக்கம் என்று சொல்லி என்னை நடுங்க வைத்தார். அதைச் சரிசெய்தோம். கிளட்ச் வந்தது, மேட்டில் எடுப்பது வந்தது, பின்னால் எடுத்து நிறுத்துவதும் வந்தது. சிக்னலில், நிறுத்தக் கோட்டில் எல்லாம் பூ மாதிரி நிறுத்துவார். எதிர்பாராமல் ஏதாவது குறுக்கே வந்தால் மட்டும் வழக்கம்போல "பிரேக்!" என்று அலறுவார். வண்டியும் நின்றுவிடும். அந்த அலறலுக்குத்தான் சைரன் என்று பேர் வைத்தேன். கேட்டுச் சிரிப்பார்.

"கத்தறதைக் குறைச்சுக்கோங்க அக்கா, இன்ஸ்பெக்டர் பயந்துடுவாரு" என்று சொன்னேனே தவிர, வேறெதையும் நான் கவனிக்கவில்லை. ஓட்டக் கற்றுத்தரும் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. என் கால் எப்போதும் என் புத்திக்கு ஒரு நொடி முன்னால் போகிற கால். அவசரக்குடுக்கை என்று என் அம்மா சும்மா சொல்லவில்லை.

லைசென்ஸ் தேர்வு வைக்கும் இன்ஸ்பெக்டர் எங்களூருக்கு மாதத்தில் ஒரு நாள்தான் வருவார். முப்பது வயதுப் பையன், மாற்றல் கேட்டு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருப்பவன். அன்று மொத்தம் ஐந்து பேருக்குத் தேர்வு, ஐந்து பேரும் என் காரில்தான். இரட்டை பிரேக் வைத்த வண்டி இந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான். சாயங்காலம் வரைக்கும் வண்டி இன்ஸ்பெக்டருக்குச் சொந்தம். முதல் ஆள் அக்கா. அவர் பக்கத்தில் இன்ஸ்பெக்டர், பின் சீட்டில் நான்.

இருபது நிமிடம் அக்கா ஓட்டியதைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு குறையும் எழுதவில்லை, பேனா மூடியே இருந்தது. மருந்துக்கடைத் தெருவில் திரும்பினோம். அங்கே கடை வாசலிலிருந்து ஒரு வெள்ளைக் கார் பின்னால் வந்தது. ஓட்டியவருக்கு எண்பதுக்கு மேல் இருக்கும், கழுத்து திரும்பாத கழுத்து, கண்ணாடி இல்லாத வண்டி. யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நேராக நடு ரோட்டுக்கு வந்தார்.

"பிரேக்!" என்று அக்கா கத்தினார்.

வண்டி போய்க்கொண்டே இருந்தது. அக்கா இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, வண்டி நிற்பதற்காகக் காத்திருந்தார். உண்மையிலேயே காத்திருந்தார். பின் சீட்டில் என் வலது கால் தரை விரிப்பை ஓங்கி மிதித்தது. மிதித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான்கு மாதமாக மிதித்தது இந்தக் கால்தான். அவர் கத்துவார், நான் மிதிப்பேன், வண்டி நிற்கும், நான் "பேஷ்" என்பேன். அவர் கால் ஒரு தடவைகூட இறங்கவே இல்லை.

இன்ஸ்பெக்டர் மிதித்தார். வெள்ளைக் காருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. அந்தப் பெரியவர் எங்களைப் பார்க்காமலே கியரை மாற்றிக்கொண்டு தன் வழியில் போனார்.

"அம்மா, நீங்க எனக்கு முன்னாடியே பார்த்துட்டீங்க" என்றான் அந்தப் பையன். "ஆனா பிரேக்கை ஏம்மா மிதிக்கல?"

அக்கா தன் காலையே குனிந்து பார்த்தார். இன்ஸ்பெக்டர் மிதித்தால் ஃபெயில், அதில் பேச்சே கிடையாது. அடுத்த தேதி கேட்டேன். வரிசையில் ஆள் நிறைய, மூன்று மாதம் ஆகும் என்றான். அண்ணனுக்கு எழுபத்தைந்து முடிய ஆறு நாள் இருந்தது.

வாசலில் பச்சைக் கார் நின்றிருந்தது. அண்ணன் அதில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டும் போட்டிருந்தார். திரும்பிப் போகும்போது அக்கா ஓட்டுவார் என்று முடிவே செய்துவிட்டிருந்தார். சட்டைகூட இஸ்திரி போட்டது.

"வாங்க டிரைவரம்மா, போலாமா?" என்றார் காலடிச் சத்தத்தைப் பார்த்து.

"ஃபெயிலுங்க" என்றார் அக்கா.

அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். "எதுல?"

"ஒரு வண்டி பின்னால வந்துச்சு. பிரேக்குன்னு சொன்னேன். யாரும் போடல."

"நான் போட்டிருப்பேன்" என்றார் அவர்.

எனக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. "தப்பு என்னோடது அண்ணே. பாடம் நடக்கறப்ப எல்லாம் நான்தான் போட்டுட்டு இருந்தேன். அக்கா போடறாங்கன்னு நெனச்சேன். நாலு மாசம் காசு வாங்கிட்டு அக்காவைக் கெடுத்து வச்சிருக்கேன்."

அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டினால் தேவலை என்றிருந்தது. "நீங்க நல்லாத்தான் போட்டீங்க டீச்சர்" என்றார். "அதான் எனக்கே தெரியல."

பிறகு எல்லாம் பழைய வரிசைக்குத் திரும்பியது. அண்ணன் பெல்ட்டைக் கழற்றி இறங்கினார். பானெட்டில் கையை வைத்துத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். ஓட்டும் பக்கக் கதவைத் தாண்டிப் போய்ப் பின் கதவைத் திறந்தார். ஆறு வருடத்தில் அவர் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். அன்று அவருக்கு மனசு நிலையில் இல்லை.

மூன்று மாதத்துக்கு மேல் பார்த்தும் பார்க்காதது போல இருந்தவள் நான். அன்று என்னால் முடியவில்லை. அவர் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டேன். பிடுங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். "உக்காருங்க ரெண்டு பேரும். வீட்டுல நான் கொண்டு விடறேன்" என்றேன். வெள்ளைக் கார் கண்ணிலேயே நின்றது. வேறெதையும் நான் யோசிக்கவில்லை.

முப்பத்தெட்டு கிலோமீட்டர். அக்கா முன்னால் பக்கத்து சீட்டில், அண்ணன் பின்னால். அவர் பின் சீட்டில் உட்கார்ந்து வருவது இதுதான் முதல் தடவையாம். பழக்க தோஷத்தில் அக்கா மட்டும் அவ்வப்போது "உங்க பக்கம் வளைவு" என்று முணுமுணுப்பார், பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார். ரோடு நெடுக வீடுகள். மூன்றில் ஒன்று பூட்டியது, ஒன்று விற்பனைக்கு. மிச்சம் ஒன்றின் வாசலில் ஒரு கார், தேய்த்துத் தேய்த்துக் கழுவியது போலப் பளபளவென்று. எங்கள் பக்கத்தில் ஆட்கள் தங்களைவிட வண்டியைத்தான் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்.

வீட்டு வாசலில் அண்ணன் இறங்கியதும் ஆளே மாறிப்போனார். கேட் தாழ்ப்பாள், மூன்று படி, செருப்பு விடும் இடம், தண்ணீர்ப் பானை எல்லாம் கைக்குத் தெரிந்தன. எனக்கு ஒரு டம்ளர் தண்ணீரை, ஒரு சொட்டுச் சிந்தாமல், நேராக என் கையில் கொண்டுவந்து கொடுத்தார். இங்கே அவருக்குக் கண் வேண்டாம் என்று அக்கா சொன்னது பொய்யில்லை.

தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்ப எழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எதில் கிளம்புவது?

என் கார் இன்ஸ்பெக்டரிடம். பஸ் கிடையாது. இந்த வட்டாரத்தில் டாக்ஸி ஓட்டியவர் ஒரே ஒருவர், அவர் இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே கண்புரை என்று லைசென்ஸை ஒப்படைத்துவிட்டார். பக்கத்து வீடு இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அங்கே இருக்கும் விதவை அம்மா என்னிடம் சேரக் காத்திருக்கிறவர்களில் மூன்றாவது ஆள். போனை எடுத்து யாரையெல்லாம் கூப்பிடலாம் என்று ஒவ்வொரு பேராகத் தள்ளிக்கொண்டே போனேன். எனக்குத் தெரிந்தவர்களில் வண்டி ஓட்டுகிறவர்களெல்லாம் அந்த வெள்ளைக் கார் பெரியவர் மாதிரி, மிச்சமெல்லாம் இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும் என் மாணவிகள். அவர்களில் ஒருத்தருக்கும் லைசென்ஸ் இல்லை.

"நாங்க கொண்டு விடறோம் டீச்சர்" என்றார் அக்கா. சொல்லி முடிக்கும்போதே அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அண்ணனும் சிரித்தார். மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அக்காதான் முதலில் நிறுத்தினார்.

அண்ணன் மேஜையைத் தடவிச் சாவியைக் கண்டுபிடித்து என் பக்கம் தள்ளினார்.

"நீ எடுத்துட்டுப் போம்மா."

"நாளைக்கே திருப்பிக் கொண்டாந்து விட்டுடறேன் அண்ணே."

"கொண்டாந்து விட்டுட்டு? மறுபடி நீ எப்படிப் போவ?"

இந்த வண்டியை நான் ஓட்டிக்கொண்டு வந்தால் பின்னாலேயே இன்னொரு வண்டி வர வேண்டும், அதை ஓட்ட ஓர் ஆள் வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ நூறு பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அந்த ஓர் ஆள் எங்கள் பக்கத்தில் இல்லை.

அக்கா வண்டியின் பின்பக்கப் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்தவற்றை எடுத்தார். ஒரு குடை, இரண்டு துணிப்பைகள், அண்ணனுடைய கறுப்புக் கண்ணாடி, வழியில் பசித்தால் என்று வைத்திருந்த பிஸ்கட் பொட்டலம். எல்லாவற்றையும் படியில் வரிசையாக வைத்தார். விற்ற வண்டியைக் காலி செய்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். நான் பார்க்காதது போல சீட்டை எனக்கு ஏற்ற மாதிரி நகர்த்தினேன்.

"மகனுக்கு இன்னைக்கே போன் பண்ணிடவா?" என்று அக்கா கேட்டார். என்னிடமா அவரிடமா என்று தெரியவில்லை.

பின்னால் எடுக்கும்போது அக்கா கேட்டருகே நின்று கை காட்டினார். அண்ணன் படியிலேயே நின்றார், வண்டிச் சத்தம் வரும் திசையைப் பார்த்து. தெருமுனையில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பேரும் அப்படியே நின்றிருந்தார்கள். அவர் லைசென்ஸ் இன்னும் ஆறு நாள் செல்லும். வண்டி என்னிடம் இருந்தது.